கற்பிட்டியில் டொல்பின் பார்த்தோம், ஒரு மீன்கூடத் தின்னவில்லையே, ஏன்?

1. டிக்கோயாக்காரன்

தலவில அன்னம்மாள் ஆலயத்தின் மார்ச் மாதத் திருவிழாவுக்குப் போய்விட்டு நேற்று நள்ளிரவுதான் வீடு வந்து சேர்ந்தோம். ஒரு வேனில் பெரியவர்கள் 12 பேர். மடியில் உட்கார்ந்து வந்த பிள்ளைகளை யாரும் எண்ணவில்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டுக் கற்பிட்டிக் கடலில் டொல்பின் பார்க்காமல் திரும்பினால் தோட்டத்தில் முகம் காட்ட முடியாது என்று மச்சான் ஒற்றைக் காலில் நின்றார். காலை 7 மணிக்குப் படகு ஏறினோம்.

ஒரு மணி நேரம் தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை. மாமியாருக்கு 68 வயது. கடலையே இந்தப் பயணத்தில்தான் முதல் முறையாகப் பார்க்கிறார். அவர் மட்டும்தான் வாந்தி எடுக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பிறகு திடீரென்று கடல் உலை கொதிப்பதுபோலக் குமிழ்ந்தது. முந்நூறா நானூறா தெரியவில்லை, படகின் இரு பக்கமும் முதுகுகள். நீண்ட மெல்லிய மூக்கு, கரும் சாம்பல் முதுகு, வெளிர் வயிறு. அவற்றில் ஒன்று நேரே மேலே எழும்பிப் பம்பரம்போலச் சுற்றிவிட்டுத் தொப்பென்று விழுந்தது. எங்கள் படகு கிட்டே போக, இன்னும் ஆறு படகுகள் நாலா பக்கத்திலிருந்தும் வந்து சேர்ந்தன.

மகள் தரம் 7 படிக்கிறாள். திரும்பும் வழியில் கொப்பியில் கேள்விகளாக எழுதித் தள்ளிவிட்டாள். எனக்குப் பதில் தெரியாதவற்றை இங்கே போடுகிறேன்.

அரை மணி நேரம் பார்த்தும் அவற்றில் ஒன்றுகூட ஒரு மீனையும் பிடிக்கவில்லை. எதைத் தின்கின்றன, எப்போது தின்கின்றன? ஏன் சுழல்கின்றன? படகோட்டியிடம் கேட்டதற்கு, "சந்தோஷம் வந்தால் சுற்றும்" என்றார். மகளுக்கு அந்தப் பதில் போதவில்லை. மூன்றாவது: ஒரு குட்டி, பெரிய ஒன்றின் விலாவில் ஒட்டிக்கொண்டே வந்தது. கொஞ்ச நேரத்தில் பார்த்தால் வேறொன்றின் பக்கத்தில் இருந்தது. அது தாயை மாற்றிக்கொண்டதா?

மாமியார் அதற்கு உடனே ஒரு பதில் சொன்னார்: "ஆத்தாள் வேலைக்குப் போகிறாள், பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் போகிறாள்." படகே சிரித்தது. உண்மையான பதில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

2. நெத்தலி

கற்பிட்டி வரை போனவர் கருவாட்டைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. நெத்தலி கிலோ என்ன விலை என்று முதலில் சொல்லுங்கள், டொல்பினைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

3. பண்டாரவளை டீச்சர்

நீங்கள் பார்த்தது ஸ்பின்னர் டொல்பின். நம் நாட்டுக் கடலில் பெருங்கூட்டமாகக் கண்ணில் படுவது பெரும்பாலும் இதுதான். கற்பிட்டியில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை, கடல் அடங்கியிருக்கும் காலத்தில் பார்க்கலாம். வளர்ந்த ஒன்று கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் நீளம் இருக்கும், அதற்குக் குறைந்தும் இருக்கும்.

மகளின் முதல் கேள்விதான் அடிப்படையான கேள்வி. அவள் ஒரு மீனும் பிடிபடக் காணாததற்குக் காரணம், இந்த இனம் இரவில் சாப்பிடுகிறது என்பதே. நீங்கள் போனது காலை 8 மணிக்கு. சாப்பாடு முடிந்து இலையும் எடுத்தாகிவிட்ட நேரம்.

கடலின் ஆழத்தில், வெளிச்சம் அநேகமாக எட்டாத இடத்தில், சிறு மீன்களும் கணவாய்களும் இறால் வகைகளும் பெரும்படையாக வாழ்கின்றன. உடலில் மின்மினிப் பூச்சிபோல ஒளிப்புள்ளிகள் உள்ள விளக்குமீன்கள் அதில் முக்கியமானவை. விரல் நீளம்தான் இருக்கும். பகலில் மேலே வந்தால் கண்ணுள்ளவை எல்லாம் தின்றுவிடும் என்பதால் சில நூறு மீட்டர் ஆழத்தில் பதுங்கிக் கிடந்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் மேலே ஏறி வருகின்றன. விடியும் முன் திரும்ப இறங்கிவிடுகின்றன. இந்தப் படை எவ்வளவு அடர்த்தி தெரியுமா? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஒலிக்கருவி கொண்டு ஆழம் அளந்த கடற்படைகள் இதைக் கடல்தரை என்றே நினைத்துக் குழம்பின. அந்தத் 'தரை' மாலையில் எழும்பி, காலையில் இறங்கியது!

ஸ்பின்னர் டொல்பின் அந்தப் படை மேலேறும் நேரத்துக்குப் போய்க் காத்திருக்கும். முழு ஆழத்துக்கும் மூழ்கிப் போக வேண்டியதில்லை, சாப்பாடு பாதி வழி ஏறி வருகிறது. ஹவாயில் கெல்லி பெனாய்ட்-பேர்ட், விட்லோ ஆவ் என்ற இரு ஆய்வாளர்கள் ஒலிக்கருவியால் இருட்டுக்குள் எட்டிப் பார்த்து, 2009-இல் எழுதியது படிக்கப் படிக்கத் தீராதது. இருபது டொல்பின் அளவில் சேர்கின்றன, அதுவும் ஜோடி ஜோடியாக. முதலில் வரிசையாக நின்று இரையை முன்னால் தள்ளிக் குவிக்கின்றன. பிறகு வட்டம் கட்டிச் சுற்றி வளைக்கின்றன. அதன் பின் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து ஒவ்வொரு ஜோடியாக உள்ளே நுழைந்து தின்றுவிட்டு வெளியே வந்து தன் இடத்தில் நிற்கிறது. முறை தவறுவதில்லை. நம் ஊர்க் கல்யாணப் பந்தியில்கூட அந்த ஒழுங்கு கிடையாது.

மூக்கின் இரு தாடைகளிலும் சேர்த்து ஏறத்தாழ 200 பல் உண்டு, எல்லாம் ஊசி. மெல்வதற்கு அல்ல, வழுக்கும் சின்ன மீனைப் பிடித்து அப்படியே விழுங்குவதற்கு.

4. பழைய ஸ்டோர்காரர்

டீச்சர் சொன்னதைப் படித்ததும் எனக்கு என் 31 வருடம் நினைவுக்கு வந்துவிட்டது. நான் தேயிலை ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தொழிற்சாலையில், இருந்தவன். பகலில் பறித்த கொழுந்து மாலையில் வந்து சேரும், வாட்டும் தட்டில் பரப்பி விசிறி போட்டுவிட்டால் இரவெல்லாம் வாடும். கொழுந்தை உருட்டும் ரோலர் ஓடத் தொடங்குவது ஊர் உறங்கிய பிறகு. நாங்கள் நடுநிசியில் கொழுந்தைக் கையில் கசக்கிப் பிடித்து, விட்டால் உருண்டை விரிகிறதா, கட்டியாகவே நிற்கிறதா என்று பார்த்துத்தான் அடுத்த வேலையை முடிவு செய்வோம். விடியும்போது வீட்டுக்கு நடப்போம்.

அந்த நடையை ஒருவர் தூரத்திலிருந்து பார்த்தால், "ஆகா, காலையில் எவ்வளவு கூட்டமாக, எவ்வளவு கலகலப்பாக வருகிறார்கள்" என்றுதான் சொல்வார். கலகலப்புதான், சத்தமும் பகடியும் உண்டு. ஆனால் எங்கள் கண் லயத்து வீட்டின் கதவில் இருக்கும்.

தம்பி டிக்கோயாக்காரர் பார்த்தது இரவு வேலை முடிந்து வீடு திரும்பும் கூட்டத்தை. சரிதானே டீச்சர்?

5. ஹப்புத்தளைக் காற்று

ஐயா, உவமை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஹவாய் எங்கே, கற்பிட்டி எங்கே? ஆழம் கூடிய எரிமலைத் தீவில் பார்த்ததைக் கொண்டுவந்து நம் மேற்குக் கரையில் ஒட்டினால் ஒட்டுமா? அங்கே அவை பகலில் விரிகுடாவுக்குள் வந்து தூங்குகின்றன என்று நானும் படித்திருக்கிறேன். கற்பிட்டியில் எந்த விரிகுடாவில் தூங்குகின்றன? திறந்த கடலில் துள்ளிக்கொண்டு திரிகின்றன, தூங்குகிற பிராணி இப்படியா பம்பரம் விடும்?

படகோட்டி சொன்ன பதிலையும் இவ்வளவு அலட்சியமாகத் தள்ளாதீர்கள். அவர் தினமும் பார்க்கிறவர்.

6. பண்டாரவளை டீச்சர்

காற்று அண்ணா கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது.

முதலில் ஹவாய்க் கதையைச் சொல்லிவிடுகிறேன், அது நம் மலைக்காரர்களுக்குப் பிடிக்கும். கென் நோரிஸ் என்ற அறிஞரின் குழு 1970களில் கீலாகெகுவா விரிகுடாவில் இந்த டொல்பின்களைக் கவனித்தது. வேலையின் ஒரு பகுதி கடலிலேயே நடக்கவில்லை. கரையோரச் செங்குத்துப் பாறையின் மேலே, நில அளவையாளர்கள் வைத்திருக்கும் தியோடலைட்டை நிறுத்திக் கீழே கூட்டம் எங்கெங்கே போகிறது என்று அளந்தார்கள். மலையில் உட்கார்ந்துகொண்டு டொல்பின் ஆராய்ச்சி!

அவர்கள் கண்டது இது. காலையில் கூட்டம் விரிகுடாவுக்குள் வரும். வெள்ளை மணல் தரைக்கு மேலே, சுறா வந்தால் நிழல் தெரியும் இடத்தில், ஒன்றோடொன்று நெருங்கி மெதுவாகப் போய்வரும். சுழலாது, பாயாது, இரை தேடும் 'டிக் டிக்' ஒலியைக்கூட அநேகமாக நிறுத்திவிடும். கண்ணை நம்பி, கூட்டத்தை நம்பி ஓய்வு. டொல்பின்கள் மூளையின் ஒரு பாதியை மட்டும் உறங்கவைக்கும் வகை, மூச்சுக்கு மேலே வர வேண்டியிருப்பதால் நம்மைப்போல அடித்துப்போட்டதுபோலத் தூங்க முடியாது.

பிற்பகலில் விழிக்கும் காட்சிதான் வேடிக்கை. ஒன்று இரண்டு பாயத் தொடங்கும், கூட்டம் வேகமெடுத்து விரிகுடாவின் வாய்வரை போகும், பிறகு வேகம் குறைந்து திரும்பி வந்துவிடும். மறுபடி போகும், மறுபடி வரும். எல்லாரும் தயாரான பிறகுதான் ஒரேயடியாகக் கிளம்பும். தலவிலைக்கு வேன் புறப்பட்ட கதையை டிக்கோயாக்காரர் எழுதியிருந்தால் இதுவேதான் இருந்திருக்கும். ஒருவர் ஏற, ஒருவர் பிளாஸ்க்கை மறந்தேன் என்று இறங்க.

இனி கற்பிட்டி. பார் ரீஃப் பவளப்பாறைத் தொடருக்கு வெளியே போனால் கடல் சட்டென்று ஆழமாகிறது, அந்த விளிம்புதான் இவற்றின் சாப்பாட்டு மேசை. ஒதுங்க விரிகுடா இல்லாத இடத்தில் என்ன செய்யும் என்றால், கூட்டத்தையே விரிகுடாவாக்கிக்கொள்ளும். நானூறு பேர் சேர்ந்திருந்தால் ஒரு சுறாவுக்கு நானூறு சோடிக் கண்கள் எதிரில். கிழக்குப் பசிபிக்கின் திறந்த கடலில் இவை புள்ளி டொல்பின் என்ற வேறு இனத்தோடு கலந்து திரிகின்றன. அந்தத் துணையின் காவலில் இவை ஓய்வெடுக்கின்றன என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. வடிவம் மாறலாம். ஆனால் இரவில் ஆழத்து இரை, பகலில் ஓய்வு என்ற கணக்கு பெருங்கடல் இனத்துக்குப் பொது. தாய்லாந்து வளைகுடாப் பக்கம் குள்ளச் சாதி ஒன்று இருக்கிறது, அது மட்டும் ஆழமற்ற இடத்தில் பாறை மீன்களைத் தின்கிறது.

சுழல்வது பற்றி: சுழற்சி தண்ணீருக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. வாலால் முறுக்கிக்கொண்டு மேலே வரும், வெளியே வந்ததும் தண்ணீரின் பிடி விட்டுப்போவதால் வேகம் கூடும். ஒரே பாய்ச்சலில் ஏழு சுற்று வரை போகும். காரணமாக இரண்டு சொல்கிறார்கள். உடலில் ஒட்டிக்கொள்ளும் ஒட்டுமீனை உதறுவது ஒன்று. விழும் அடியில் எழும் ஓசையும் குமிழியும் இருட்டில் பரந்து கிடக்கும் கூட்டத்துக்கு 'நான் இங்கே' என்று அறிவிப்பது மற்றொன்று. இரவில்தான் அதிகம் சுழல்கின்றன என்பது இரண்டாவதற்குச் சாதகம். சந்தோஷத்தை நான் மறுக்கவில்லை அண்ணா, அதை அளக்கக் கருவி கிடையாது.

7. டிக்கோயாக்காரன்

வேன் கதை உண்மைதான் டீச்சர். பிளாஸ்க் இல்லை, அது மாமியாரின் வெற்றிலைப் பை.

இன்னொன்று நினைவுக்கு வருகிறது. படகுக்கு மிக அருகே வந்த ஒன்றின் விலாவில் வட்டமாக ஒரு தழும்பு, ஜாம் போத்தல் மூடி அளவு. கருவி வைத்து அறுத்ததுபோல அவ்வளவு நேர்த்தி. மகள் படம் எடுத்திருக்கிறாள். மாமியார் பார்த்துவிட்டு, "கடலிலும் அட்டை இருக்கிறதா?" என்று கேட்டார்.

8. பண்டாரவளை டீச்சர்

அம்மாவுக்கு என் வணக்கம். பெரும்பாலும் அது குக்கிகட்டர் என்ற சின்னச் சுறாவின் வேலை. முழங்கை நீளம்தான் இருக்கும். உதட்டை ஒட்டவைத்து, கீழ்ப்பல்லை இறக்கி, உடம்பை முறுக்கி ஒரு கட்டி சதையைத் தோண்டி எடுத்துக்கொண்டு ஓடிவிடும். வெப்பக் கடல் டொல்பின்களின் தோலில் இந்த வட்டம் சாதாரணம்.

ஆனால் பாருங்கள், இந்தச் சுறாவும் பகலில் ஆழத்தில் கிடந்து இரவில் மேலே வருவது. பகலில் மேற்பரப்பில் மட்டும் விளையாடித் திரியும் பிராணிக்கு இந்தத் தழும்பு ஏன் வருகிறது? மலைக்குப் போகிறவளின் கணுக்காலைப் பார்த்தாலே அட்டை சொல்லிவிடும், எந்த மலையில் நின்றாள் என்று.

9. மன்னார் மருமகன்

நான் பிறந்தது மன்னாரில், பெண் எடுத்தது ஹட்டனில். டொல்பினை எங்கள் பக்கம் ஓங்கில் என்பார்கள். சிங்களத் தொழிலாளிகள் முல்லா என்பார்கள்.

இரவில் தின்னும் என்று டீச்சர் சொல்வது எங்களுக்குப் புதிதல்ல. காற்று விழுந்த இரவில் எஞ்சினை நிறுத்திவிட்டு வலையின் முனையைப் பிடித்துக்கொண்டு கிடக்கும்போது சுற்றிலும் 'ப்பூ, ப்பூ' என்று மூச்சு கேட்கும். ஆள் தெரியாது. நிலா இல்லாத இரவு என்றால் தண்ணீரில் கவடு எரியும், தெரியுமா? சின்ன உயிர்கள் கலங்கும்போது வரும் பச்சை வெளிச்சத்தைத்தான் சொல்கிறேன். அந்த வெளிச்சத்தில் ஓங்கில் கீழே போவது ஒரு நீளக் கோடாகத் தெரியும். கோடுகள் இரண்டு இரண்டாகத்தான் போகும். 'ஜோடி ஜோடியாக' என்று படித்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது.

இனி மறுபக்கம். இரவில் தின்பதால்தான் இரவில் விரிக்கும் செவுள்வலையில் இது மாட்டுகிறது. மெல்லிய நைலான், அதன் ஒலிக்குச் சரியாகப் புலப்படுவதில்லை. மாட்டினால் மூச்சுக்கு மேலே வர முடியாது, சில நிமிடம்தான். நான் 16 வயதில் அப்பாவோடு போன ஒரு விடியலில் வலையில் ஒரு தாய் செத்திருந்தது. தாய் என்று எப்படித் தெரியும் என்றால், இழுக்கும்போது அடிவயிற்றிலிருந்து பால் வந்தது. கெட்டியான பால், தண்ணீரில் கரையாமல் நூலாக நின்றது. குட்டி படகைச் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்பா வலையை அறுத்து விட்டார். அன்றைக்கு நட்டம். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் வலை கல்லில் சிக்கிவிட்டது என்று பொய் சொன்னார்.

எல்லாரும் அப்பாவைப்போல அல்ல. தூண்டில் இரைக்காக இதைக் குத்திப் பிடித்தவர்களும் உண்டு. வனசீவராசிகள் சட்டப்படி குற்றம். அதனால் கரைக்குக் கொண்டுவராமல் கடலிலேயே வெட்டிவிடுவார்கள்.

10. நெறியாளர்

இழை நன்றாகப் போகிறது. கருவாடு விலை கேட்டு வந்த நான்கு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். நெத்தலி, இது கடைசி எச்சரிக்கை.

11. ஹப்புத்தளைக் காற்று

மருமகனின் பதிவுக்குப் பிறகு வாயைத் திறக்கக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் ஒரு கேள்வி. 'ஜோடி ஜோடியாக' என்கிறீர்களே, அப்படியானால் மனிதரைப்போலக் குடும்பம் நடத்தும் பிராணிதானே? 2020 நவம்பரில் பாணந்துறைக் கரையில் நூற்றுக்கும் மேற்பட்டவை ஒன்றாக வந்து ஒதுங்கின. கடற்படையும் ஊர் மக்களும் இரவெல்லாம் கழுத்தளவு நீரில் நின்று தள்ளிவிட்டார்கள். ஒன்று வந்தால் எல்லாம் வருகிறது. அதுதான் பாசம். ஒருவனுக்கு ஒருத்தி என்று வாழும் உயிர் என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

12. பண்டாரவளை டீச்சர்

அண்ணா, பிள்ளைகளிடம் திருத்திச் சொல்ல வேண்டியிருக்கும் போலிருக்கிறது.

பாணந்துறையில் ஒதுங்கியவை பைலட் திமிங்கிலங்கள். பெயரில் திமிங்கிலம், குடும்பம் டொல்பின் குடும்பம். அவை தாய்வழியாகப் பிறந்த கூட்டத்தோடு காலமெல்லாம் ஒட்டியிருப்பவை. அந்தப் பிணைப்புத்தான் ஒன்று வழி தவறினால் எல்லாவற்றையும் கரைக்கு இழுக்கிறது. ஸ்பின்னர் அந்த வகை அல்ல. இன்று உங்களோடு நீந்திய நாற்பது பேரில் எத்தனை பேர் நாளை உங்களோடு இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. கூட்டம் சேரும், பிரியும், வேறு ஆட்களோடு மறுபடி சேரும். இரவில் சாப்பாட்டுக்குப் பெரிதாகச் சேர்ந்து, பகலில் சிறு சிறு குழுக்களாகப் பிரிவதும் உண்டு. ஹட்டன் பஸ் நிலையம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் கூட்டம் இருக்கும், தெரிந்த முகமும் இருக்கும், ஆனால் அது ஒரு குடும்பம் அல்ல.

இதற்குள் ஒரு விசித்திரம். ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் வடமேற்கு முனையில் மிட்வே என்ற தனித்த பவளத்தீவு இருக்கிறது. அங்கேயும் இதே இனம்தான். ஆனால் அங்கே கூட்டம் கலைவதில்லை. அதே ஆட்கள், அதே துணை, வருடக்கணக்காக. ஒதுங்க அந்த ஒரு இடம்தான் உண்டு, அடுத்த இடம் நெடுந்தூரம். போக்கிடம் இல்லாத இடத்தில் உறவு இறுகுகிறது. ஒரு வரிசை லயத்தில் மூன்று தலைமுறை வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இணைசேர்வதில் ஒருவனுக்கு ஒருத்தி கிடையாது. பெண் பல ஆண்களோடும் ஆண் பல பெண்களோடும் சேரும், நிலையான கணவன் மனைவி இல்லை, குட்டி வளர்ப்பில் தகப்பனுக்குப் பங்கும் இல்லை. இரவில் இரை வளைக்கும் ஜோடி வேலைக் கூட்டாளி, அவ்வளவுதான். கொழுந்து எடுக்கும்போது பக்கத்து நிரையில் நிற்பவள்போல. இதிலும் இடத்துக்கு இடம் மாறுகிறது. கிழக்குப் பசிபிக்கில் வாழும் வகையில், வளர்ந்த ஆணின் முதுகுத்துடுப்பு தலைகீழாகப் பொருத்தியதுபோல முன்பக்கம் சாய்ந்திருக்கும், வாலுக்கு அருகே அடியில் பெரிய திமில் ஒன்று இருக்கும். அங்கே ஆண்களில் மிகச் சிலவே தந்தையாகின்றன என்று உடற்கூற்றைப் பார்த்துக் கணித்திருக்கிறார்கள். மற்ற இடங்களில் ஆணும் பெண்ணும் பார்க்க அநேகமாக ஒன்றுபோல இருக்கும், போட்டி வேறு மாதிரி நடக்கும். இதற்கு மேல் பிள்ளைகள் படிக்கும் இழையில் எழுதப்போவதில்லை.

13. டிக்கோயாக்காரன்

நன்றி டீச்சர், அந்த இடத்தில் நிறுத்தியதற்கும் சேர்த்து. மகள் பக்கத்திலிருந்துதான் படிக்கிறாள். குட்டிக் கேள்வி இன்னும் பாக்கி. மாமியாரும் கேட்கிறார், எத்தனை மாதம் சுமக்கும் என்று. அவர் 22 வருடம் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருந்தவர், இந்த விடயத்தில் அவரை ஏமாற்ற முடியாது.

14. பண்டாரவளை டீச்சர்

ஏறத்தாழ பத்தரை மாதம் என்று சொல்லுங்கள். பத்து மாதம் சுமந்தவள் என்று நாம் சொல்வதைவிடக் கொஞ்சம் கூட. ஒரு பிரசவத்தில் ஒரு குட்டிதான். பிறக்கும்போதே இரண்டரை அடி இருக்கும், தாயின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். பெரும்பாலும் வால் முதலில் வரும், பிறந்த உடனே மூச்சுக்கு மேலே போக வேண்டும். ஒன்று முதல் இரண்டு வருடம் பால் குடிக்கும். தாயின் அடிவயிற்றில் இரண்டு பிளவுக்குள் காம்பு ஒளிந்திருக்கும், குட்டி நாக்கைக் குழலாக மடித்துப் பற்றிக்கொள்ளும். மருமகன் பார்த்த கெட்டிப் பால் அதுதான், கொழுப்பு மிகுந்தது. அடுத்த குட்டி ஏறத்தாழ மூன்று வருடம் கழித்து. பெண் பருவமடைய நான்கு முதல் ஏழு வருடம் ஆகும், ஆணுக்கு ஏழு முதல் பத்து. குட்டிகள் வருடம் முழுவதும் பிறக்கலாம்.

விலாவில் ஒட்டிக்கொண்டு வந்ததற்கு ஒரு காரணம் பயம் என்றால் இன்னொரு காரணம் சோம்பல். பெரியது நீந்தும்போது அதன் உடலையொட்டி இழுபடும் நீர் குட்டியையும் சேர்த்து இழுக்கும். லொறியின் பின்னால் சைக்கிளில் தொற்றிக்கொண்டு ஏற்றம் ஏறுவதுபோல, வாலைக் குறைவாக அடித்தாலே போதும். தாயல்லாத பெரியவையும் குட்டிக்கு அந்த இடத்தைக் கொடுப்பதைக் கண்டிருக்கிறார்கள்.

ஆகவே பிள்ளைக் காம்பரா என்று அம்மா சொன்னதற்குச் சிரித்தவர்கள் எல்லாரும் போய் மன்னிப்புக் கேளுங்கள்.

15. பழைய ஸ்டோர்காரர்

எனக்கு அந்த ஆறு படகுகள்தான் தொண்டையில் நிற்கின்றன. டிக்கோயாக்காரரின் முதல் பதிவில் ஒரு வரியாகக் கடந்துபோனது.

இரவு வேலை முடிந்து வந்து பகலில் தூங்கியவனுக்குத் தெரியும். லயத்தில் பக்கத்து வீட்டு ரேடியோ, சுவரில் பந்தடிக்கும் பிள்ளை, குழாயடிச் சண்டை. ஒரு நாள் தூக்கம் கெட்டால் சாகமாட்டாய். தொடர்ந்து கெட்டால் ரோலரில் விரலைக் கொடுத்துவிடுவாய். என் கூட்டாளி ஒருவர் அப்படிக் கொடுத்தவர்.

16. ஹப்புத்தளைக் காற்று

ஐயா, அந்தப் படகில்தான் ஒருவரின் அடுப்பு எரிகிறது. சீசன் ஆறு மாதம். நாங்கள் வருடத்தில் ஒரு முறை போய் அரை மணி நேரம் பார்ப்பதால் டொல்பின் இனம் அழிந்துவிடுமா? வலையை விட்டுவிட்டுப் படகைப் பிடித்துக்கொள்வது எந்த நியாயம்?

17. மன்னார் மருமகன்

வலைதான் பெரிய வினை, அதில் சந்தேகமில்லை. சூரைக் கூட்டத்தின் மேலே ஓங்கில் திரியும் என்பதால் கிழக்குப் பசிபிக்கில் ஓங்கிலைப் பார்த்து வலை வளைத்தார்கள். பல லட்சம் செத்தன, அங்குள்ள ஸ்பின்னர் இனம் பாதிக்கும் கீழே போய்விட்டது. 1972-இல் அமெரிக்காவில் கடல் பாலூட்டிகளுக்கென்று சட்டம் கொண்டுவர அந்த அழிவும் ஒரு காரணம். மூன்று வருடத்துக்கு ஒரு குட்டி என்றால் விட்டதைப் பிடிப்பது இலேசல்ல.

ஆனால் காற்று அண்ணா, நீங்கள் வருடத்தில் ஒரு முறை போகிறீர்கள், அது தினமும் அங்கேதான் இருக்கிறது. உங்களுக்கு அரை மணி, அதற்கு விடிந்ததிலிருந்து மதியம் வரை ஒரு படகு மாற்றி ஒரு படகு. ஹவாயில் 2021-இல் கரையோரத்தில் இந்த ஓங்கிலுக்கு 50 கெஜத்துக்குள் நீந்தவும் படகில் நெருங்கவும் கூடாது என்று விதியே போட்டுவிட்டார்கள். தொழிலை நிறுத்தச் சொல்லவில்லை. என் சின்னம்மா மகன் கற்பிட்டியில் படகு ஓட்டுகிறான். கூட்டத்தின் குறுக்கே விடமாட்டான், பக்கவாட்டில் அதே வேகத்தில் போவான், பிறகு எஞ்சினை நிறுத்திவிடுவான். பாதி நாள் அவையே கிட்டே வரும் என்கிறான். ஆனால் பக்கத்துப் படகு நடுவில் பாய்ந்தால் இவன் படகில் இருக்கும் ஆட்களே, "நீயும் விடு, காசு கொடுத்திருக்கிறோம்" என்று கத்துவார்களாம். படகோட்டியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

18. டிக்கோயாக்காரன்

கத்தியவர்களில் எங்கள் மச்சானும் ஒருவர். மறைக்கப்போவதில்லை. இந்தப் பதிவுகளை அவருக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அது துள்ளியது சந்தோஷத்தில் என்றல்லவா நினைத்தேன்" என்றார்.

மகள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். குட்டிக்கு அந்தப் பக்கம் நின்ற பெரியதன் விலாவில்தான் அந்த வட்டத் தழும்பு. குட்டி முதலில் ஒட்டியிருந்ததும் கடைசிப் படத்தில் ஒட்டியிருப்பதும் தழும்புக்காரியிடம்தான், நடுவில்தான் வேறொன்று. ஆகவே தாயை மாற்றவில்லை, திரும்பி வந்திருக்கிறது என்று கொப்பியில் எழுதிவிட்டாள். தழும்புக்காரிதான் தாய் என்பது அவளுடைய ஊகம். டீச்சர் மறுத்தால் நீங்களே அவளிடம் சொல்லிக்கொள்ளுங்கள்.

டிசம்பர் விடுமுறைக்கு மறுபடி போகலாம் என்று பேச்சு. மருமகன் அண்ணா, உங்கள் சின்னம்மா மகனின் இலக்கத்தைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.

19. பண்டாரவளை டீச்சர்

மறுக்கவில்லை. படத்தை எனக்கும் அனுப்பச் சொல்லுங்கள். டிசம்பரில் அதே தழும்பு கண்ணில் பட்டால் திகதியோடு எழுதி வைக்கட்டும். நோரிஸின் ஆட்களும் துடுப்பின் கிழிசலையும் தழும்பையும் வைத்துத்தான் பெயர் போட்டார்கள்.

20. நெத்தலி

தோட்டத்தில் வேலைக்கு வந்தவர்களுக்குப் பிரட்டில் பேர் போடுவதுபோல என்று சொல்லுங்கள் டீச்சர்.

நெறியாளர் மன்னிக்க வேண்டும். டிசம்பரில் போகும்போது வேனில் ஓர் இடம் இருக்குமா? கருவாட்டை நானே வாங்கிக்கொள்கிறேன்.